கொய்யக் கொய்யத் தளிர்க்கும் நினைவு

மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவர். அட்டன், நுவரெலியாப் பகுதி லயங்களின் முன்னே தப்பு முழங்க, இரதியும் மன்மதனும் ஆடி வருவர். சிவனது நெற்றிக்கண்ணால் காமன் எரிவதும், இரதி புலம்புவதும், அவன் மீண்டெழுவதும் பாட்டாகவே நிகழும். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த மக்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அவர்கள் இக்கூத்தை நெஞ்சிலேயே சுமந்து வந்தனர். வாத்தியார் அடியெடுத்துக் கொடுக்க, இளைஞர் கேட்டுப் பாடமாக்கினர்.

இன்றோ, பாட்டு முழுவதையும் கைத்தொலைபேசி நொடியில் பதிவு செய்துவிடுகிறது. கருவி காத்துவைத்தால் மனம் சோம்பிவிடுமோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. இவ்வையம் மிகப் பழையது. எழுத்து மறதியை வளர்க்கும் என்று எகிப்திய அரசன் ஒருவன் எச்சரித்ததாக, கிரேக்க ஞானி பிளேட்டோவின் ‘பைட்ரஸ்’ நூலில் சாக்கிரட்டீஸ் கூறுகிறார். 2011இல் அமெரிக்க உளவியலாளர் பெட்சி ஸ்பாரோவும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட சோதனையொன்றும் இதற்கு அரண் செய்கிறது. தாம் தட்டச்சுச் செய்த செய்திகளைக் கணினி சேமித்துவைக்கும் என நம்பியவர்கள், அவை அழிக்கப்பட்டுவிடும் என நம்பியவர்களைவிடக் குறைவாகவே அவற்றை நினைவுகூர்ந்தனர்.

அங்ஙனமாயின் எழுத்தும் கருவியும் பகையோ? அன்று. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்ட மக்களின் பாடல்களைத் திரட்டி எழுத்தில் வைத்தார். அவ்வாறு செய்யாதிருப்பின், முதியோருடன் பல பாடல்கள் மறைந்திருக்கும். காத்துவைத்தல் நன்றே, முயன்று நினையாதிருத்தலே தீது.

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்னும் இருவர் மாணவரிடம் இதனை ஆராய்ந்தனர். ஒரு சாரார் பாடத்தை மீண்டும் மீண்டும் படித்தனர். மறுசாரார் ஒருமுறை படித்தபின் ஏட்டைப் பாராது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடங்களுக்குப்பின் சோதித்தபோது, திரும்பப் படித்தவரே முந்தினர். ஒரு வாரம் கழிந்தபோதோ, நினைந்து எழுதியவர் முந்தினர். கூத்து வாத்தியார் தம் மாணாக்கரை ஏடின்றிப் பாடச் செய்ததும் இத்தகைய பயிற்சியே அன்றோ?

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டாமலும் கொழுந்து கொய்யாமலும் விட்டால், அது மரமாக ஓங்கிக் கைக்கெட்டாது போய்விடும். கொய்யக் கொய்யவே புதுத் தளிர் விடும். நினைவும் அத்தகையதே. பதிவு இருக்கட்டும். இளைஞன் முதலில் தானே பாடிப் பார்க்கட்டும். மறந்த அடிக்கு மட்டும் கருவியை நாடட்டும். அப்பொழுது பாட்டு பெட்டியிலும் இருக்கும், நெஞ்சிலும் வாழும்.