ஆயா வீட்டுத் தூணும் ஒரு கப்பல் கேப்டனும்

கண்டனூர்ல எங்க ஆயா வீட்டு வளவுல நின்னா, வரிசையா தேக்குத் தூண்கள். "இதெல்லாம் பர்மாவுல இருந்து கப்பல்ல வந்தது ஆத்தா"ன்னு ஆயா சொல்வாங்க. சரி, பர்மாவுக்கு நம்ம ஆட்களுக்கு வழி எப்படித் திறந்தது? தேடினப்போ கிடைச்ச ஆள்தான் பிரெடெரிக் மேரியட்.

1792-ல் லண்டன்ல பிறந்தவர். 14 வயசுல பிரிட்டிஷ் கடற்படையில் மிட்ஷிப்மேன், அதாவது பயிற்சி அதிகாரி. அவங்க தரைப்படையில் பதவியைக் காசு கொடுத்தே வாங்கலாம், கடற்படையில் முடியாது. ஆறு வருஷம் கடல்ல இருக்கணும், தேர்வுல தேறணும், அப்புறம்தான் லெப்டினன்ட். மேரியட் 1812-ல் லெப்டினன்ட், 1815-ல் கமாண்டர். அதே வருஷம் நெப்போலியன் போர் முடிஞ்சது. போர் இல்லைன்னா பல அதிகாரிகளுக்குக் கப்பல் இல்லை. அரைச் சம்பளத்துல வீட்ல உட்காரணும். பதவி உயரவும் போர் வேணும். இதை மனசுல வைங்க.

1824-ல் முதல் ஆங்கிலேய-பர்மியப் போர். மேரியட் 'லார்ன்' என்ற பாய்க்கப்பலோட போறார். மே மாதம் ரங்கூன் பிடிபட்டது. ஆற்றுல காற்றை நம்ப முடியாதே, அதனால 'டயானா'ன்னு ஒரு சின்ன நீராவிக் கப்பலும் கூடப் போச்சு. பாய்மரக் காலம் முடியப் போகுதுன்னு அதுவே சொல்லிடுச்சு.

ரங்கூன்ல இறங்கின படையில் பெரும்பகுதி மதராஸ் சிப்பாய்கள். மழை, காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு. இந்தப் போருக்குப் போன சுமார் 40,000 பேரில் 15,000 பேர் திரும்பவில்லை. பெரும்பாலானவர்களைக் கொன்றது நோய்தான், எதிரி இல்லை.

1825-ல் மேரியட்டுக்குப் போஸ்ட்-கேப்டன் பதவி கிடைச்சது. அந்தப் படியைத் தொட்டுட்டா, உயிரோட இருந்தா போதும், சீனியாரிட்டியிலேயே அட்மிரல் ஆகலாம். அதே போர்ல இருந்த மதராஸ் சுபேதார்? எத்தனை வருஷம் உழைச்சிருந்தாலும், நேத்து வந்த வெள்ளைக்கார அதிகாரிக்குக் கீழேதான்.

1826-ல் யாண்டபோ ஒப்பந்தம். தெனாசரிம் கரை பிரிட்டிஷ் கைக்கு வந்தது, மோல்மீன் தேக்குத் துறைமுகமாச்சு. 1852-ல் இன்னொரு போர், கீழ் பர்மாவும் போச்சு. அந்த வழியிலதான் நகரத்தார் வட்டிக்கடைகள் வளர்ந்தது, தேக்கு செட்டிநாட்டுக்கு வந்தது.

மேரியட் 1830-ல் கடற்படையை விட்டுட்டு நாவலாசிரியர் ஆனார். 'மிஸ்டர் மிட்ஷிப்மேன் ஈஸி' 1836-ல் வந்தது, இன்னிக்கும் கடைகள்ல கிடைக்குது. அந்தச் சிப்பாய்கள்ல ஒருத்தர் பேர்கூட எனக்குச் சொல்லத் தெரியலை. இப்போ அந்தத் தூணைத் தொடும்போது முதல்ல நினைவுக்கு வர்றது அவங்கதான்.

உங்க குடும்பத்துல பர்மா போனவங்க யாராவது உண்டா? வீட்ல பெரியவங்க இருக்கும்போதே கேட்டு வைங்க.