ஆகாயம் காட்டும் வழி – 11: அண்ணாமலையைச் சுற்றிவரும் சாலை

1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்ப்டன் என்னும் ராணுவ அதிகாரி, சென்னைப் பரங்கிமலைக்கு அருகே சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கிய ஏழரை மைல் நீளக் கோடு, இந்த தேசம் முழுவதையும் முக்கோணங்களாக வகுத்து அளந்த மகத்தான காரியத்துக்கு எவ்வாறு அஸ்திவாரமாயிற்று என்பதைச் சென்ற வாரம் கண்டோம். குன்று கண்ட இடத்தில் குன்றின் மீதும், குன்றில்லாத சோழ நாட்டில் கோபுரத்தின் மீதும் கனத்த கருவியை ஏற்றி வைத்துத் தூரம் கணித்த அந்த மனிதர்களின் உழைப்பு, இன்று கார் ஓட்டுகிறவரின் முன்னே உள்ளங்கையளவு கண்ணாடியில் ஒரு நீலப் புள்ளியாக வந்து நிற்கிறது. அந்தப் புள்ளி ஒரு சிறிய ஊரில் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை ஆராய, இந்த வாரம் திருவண்ணாமலைக்குப் போவோம்.

நடுவே சுமார் 2,670 அடி உயர்ந்து நிற்கும் மலை. அதன் கிழக்கடியில் அருணாசலேசுவரர் ஆலயமும் அதைச் சூழ்ந்த நகரமும். மலையை முழுதும் வளைத்து ஓடும் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் கிரிவலச் சாலை. இதுதான் அவ்வூரின் அமைப்பு. கடலுக்குப் பதிலாக வயலும் ஏரியும் சூழ்ந்திருப்பதைத் தவிர்த்தால், கரையோரமாக ஒரே சாலை ஓடும் சிறு தீவுக்கும் இந்த க்ஷேத்திரத்துக்கும், வாகனம் ஓட்டுகிறவரைப் பொறுத்தவரை, அதிக பேதம் இல்லை. குறுக்கே புகுந்து போக வழி கிடையாது. எங்கே போவதானாலும் சுற்றித்தான் போயாக வேண்டும்.

வழிகாட்டும் கருவிக்கு முதல் தர்மசங்கடம் இங்கேதான் நேர்கிறது. இரண்டு இடங்களைச் சொன்னால் அவற்றினிடையே மிகக் குறைந்த நேரத்தில் போகும் மார்க்கத்தைத் தேடித் தருவதே அதற்குக் கற்பிக்கப்பட்ட வித்தை. கிரிவலத்திலோ புறப்படும் இடமும் வந்து சேரும் இடமும் ராஜகோபுர வாசல்தான். ஆகவே கருவியின் கணக்கில் பிரயாண தூரம் பூஜ்யம். பக்தர் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டார்! இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம், வருண லிங்கம், வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம் என எட்டையும் இடையில் நிற்கும் இடங்களாக வரிசைப்படி குறித்துக் கொடுத்தாலன்றி, மலையை வலக்கைப் பக்கமாக வைத்துச் சுற்றிவரும் பிரதக்ஷிணத்தை அது வரைந்து காட்டாது. குபேர லிங்கத்துக்கு மட்டும் வழி கேட்பவரை அது வடபுறமாக, பிரதக்ஷிண முறைக்கு நேர் எதிராக, அனுப்பி வைக்கும். சம்பிரதாயம் எது என்று அதனிடம் யாரும் சொல்லி வைத்ததில்லை.

இதில் செயற்கைக்கோளின் பிழை எதுவும் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்கக் கோள்களாகட்டும், 2013 ஜூலை முதல் தேதி தொடங்கி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம்மவர்கள் அனுப்பிய நாவிக் கோள்களாகட்டும், அவை சொல்வது நேரத்தையும் தம் இருப்பிடத்தையும் மாத்திரமே. குறைந்தது நான்கு கோள்களிடமிருந்து வரும் சமிக்ஞைகளின் காலதாமதத்தைக் கொண்டு, நாம் நிற்கும் இடத்தை நம் கையிலுள்ள கருவி கணித்துக்கொள்கிறது. ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறாக்கி அதில் ஒரு கூறு பிசகினாலும் இடம் 300 மீட்டர் பிசகும் என்பதிலிருந்து அந்தக் கடிகாரங்களின் நுட்பத்தை ஊகிக்கலாம். மலையடிவாரத்தில் வானத்தின் ஒரு பக்கம் மறைந்துபோவதாலும், பேகோபுரத் தெரு, பெரிய தெரு போன்ற வீதிகளில் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்புவதாலும் புள்ளி சற்றே தள்ளி நிற்பதுண்டு. ஆனால் அந்தப் புள்ளியின் கீழே சாலை எது, சந்து எது, ஒருவழிப் பாதை எது என்று எழுதி வைத்திருப்பவை கோள்கள் அல்ல, மனிதர்கள்.

அந்த மனிதர்கள் பெரிய நகரங்களுக்கு முதலிலும் சிறிய ஊர்களுக்குக் கடைசியிலும் வருவதுதான் உலக வழக்கம். தெருக்களை நேரில் நின்று பார்ப்பதுபோலக் காட்டும் கூகுளின் படங்கள் 2022 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தபோது, முதற்கட்டத்தில் சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களே இடம்பெற்றன. நுட்பமான நில வரைபடங்களைத் தயாரிக்க முன் அனுமதி வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடுகளை மத்திய அரசு தளர்த்தியதே 2021 பிப்ரவரியில்தான். இதற்கிடையில், 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களும் மாற்றப்பட்டன. கிருஷ்ணகிரியிலிருந்து செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி வழியாகக் கிழக்கே செல்லும் சாலை முன்பு 66ஆம் எண், இப்போது 77. பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு 66ஐத் தேடுகிறவர், பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை அரபிக்கடலோரமாக ஓடும் சாலையில் போய் நிற்பார்.

ஆயினும் இவையெல்லாம் சாதாரண நாட்களின் சங்கடங்கள். கருவியின் யோக்கியதை பரீட்சிக்கப்படுவது பௌர்ணமிதோறும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கார்த்திகை தீபத்தன்று. வேலூர், அவலூர்பேட்டை, திண்டிவனம், வேட்டவலம், திருக்கோவிலூர், மணலூர்பேட்டை, தண்டராம்பட்டு, செங்கம், காஞ்சி என நகருக்குள் வரும் ஒன்பது சாலைகளிலும், ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்களும் கார் நிறுத்துமிடங்களும் அமைக்கப்படுகின்றன. அவற்றுக்கு அப்பால் சாலை நடப்பவர்களுக்கே சொந்தம். நேற்றுவரை திறந்திருந்த செங்கம் சாலை இன்று மூடியிருக்கிறது என்பதோ, வெறும் வயலாகக் கிடந்த நிலம் இன்று பேருந்து நிலையம் என்பதோ யாராவது பதிவு செய்தாலன்றி வரைபடத்துக்குத் தெரியாது. பெங்களூரிலிருந்து வரும் வாடகைக் கார் ஓட்டுநர் ரமணாசிரமத்துக்கு வழி கேட்டால், அது தடுப்புக் கட்டைக்கு நேராகவே அழைத்துப் போகும். அங்கே நிற்கும் காவலர், "மேப்பை மூடு தம்பி, அந்த வண்டிங்க பின்னாலேயே போ" என்று கையைக் காட்டுகிறார், ஓட்டுநரும், "எங்கண்ணே பார்க்கிங்?" என்று கேட்டுக்கொண்டே வண்டியைத் திருப்புகிறார். பல லட்சம் ஜனங்கள் ஒரே இடத்தில் கூடும்போது கைப்பேசி வலைப்பின்னலும் திணறிப் போகிறது. கோள்களின் சமிக்ஞை தடையின்றி வந்துகொண்டிருக்கும். ஆனால் வரைபடம் வந்து சேராது. வெற்றுத் திரையின் மேல் நீலப் புள்ளி மட்டும் தனித்து நிற்கும்.

ஆகவே, இருப்பிடம் அறிவது வேறு, வழி அறிவது வேறு என்பதே இந்த விசாரணையின் முடிவு. முன்னதை ஆகாயம் எல்லோருக்கும் சமமாகத் தருகிறது. பின்னதை அந்தந்த ஊரார்தாம் தர வேண்டும். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொது வரைபடத்தில் எவர் வேண்டுமானாலும் தம் தெருவைச் சேர்க்கலாம். கூகுள் வரைபடத்திலும் தவறான பெயரையும் மூடிய சாலையையும் சுட்டிக்காட்டித் திருத்தச் செய்யலாம். திருவண்ணாமலையில் வசிக்கும் வாசகர்கள், விழா நாட்களின் நிறுத்துமிடங்களையும் தடைகளையும் அறிவிப்பு வந்த அன்றே அவற்றில் ஏற்றுவதைத் தங்கள் ஊர்க் கைங்கரியங்களில் ஒன்றாகக் கொள்ள வேண்டும். தீபத்துக்கு வரும் வெளியூர் அன்பர்கள், வீட்டை விட்டுக் கிளம்புமுன் அவ்வூர் வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளட்டும்; அன்றைய போக்குவரத்து ஏற்பாட்டைப் பத்திரிகையில் படித்துவிட்டு வரட்டும்; ஊர் எல்லையில் காவலர் காட்டும் திசைக்கும் கருவி காட்டும் திசைக்கும் முரண் நேர்ந்தால், தயங்காமல் காவலர் சொற்படியே வண்டியைத் திருப்பட்டும்.

(தொடரும்)