மூச்சு வாங்குவது சோம்பலல்ல

துணி காயப்போடக் கையைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. குளித்துவிட்டு வந்தால் சற்று நேரம் உட்கார வேண்டியிருக்கிறது. வீட்டிலோ, "வயசாச்சு, சோம்பல்" என்கிறார்கள். சிஓபிடி எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களின் அன்றாடப் பாடு இது.

இந்நோயில் மூச்சுக்குழாய்கள் குறுகி, உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாமல் தங்கிவிடும். அடுத்த மூச்சுக்கு இடமிருக்காது. கையை உயர்த்தும்போது, மூச்சுக்குத் துணைசெய்யும் தோள், மார்புத் தசைகள் வேறு வேலைக்குப் போய்விடுகின்றன. தலை சீவுவதுகூடச் சிரமமாவது இதனால்தான்.

சிகரெட் மட்டும் காரணமல்ல. சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் குவாரிகள் உண்டு. இத்தகைய இடங்களில் பல்லாண்டு தூசியில் உழைத்தவர்களுக்கும் இது வரலாம். சிகரெட்டைத் தொடாத பாட்டிக்கு எப்படி வந்தது என்று கேட்பவர்கள், தோட்ட வீட்டு விறகடுப்பை மறந்துவிடுகிறார்கள்.

மூச்சு முட்டினால் மூக்கால் இழுத்து, சுடுதேநீரை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இருமடங்கு நேரம் மெல்ல விடுங்கள். தேங்கிய காற்று வெளியேறும். அவசரத்துக்கான நீல இன்ஹேலரை மட்டும் நம்பி, தினமும் எடுக்க வேண்டியதை நிறுத்திவிடாதீர்கள். உறிஞ்சும் முறை தவறினால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். அரசாங்க கிளினிக் மருந்தகத்தில் கேட்டுச் செய்துபாருங்கள்.

எங்கே, எத்தனை ஆண்டு, என்ன வேலை செய்தீர்கள் என்பதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். 1969ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோ தொழில்சார் நோய்களுக்கும் இழப்பீடு வழங்குகிறது. பழைய சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.