கூட்டிப் பெருக்குகிறவருக்கு எவ்வளவு ஈயம்?

பேட்டரித் தொழிற்சாலையில் யார் உடம்பில் ஈயம் அதிகம் சேரும் என்று கேட்டால், உலைக்கு முன்னால் நிற்பவரைத்தான் பலரும் கைகாட்டுவார்கள். உலைக்காவது புகைபோக்கி உண்டு, உறிஞ்சு விசிறி உண்டு. காய்ந்த ஈயத் தட்டுகளைக் கையால் அடுக்குகிறவருக்கும், ஷிஃப்ட் முடிந்ததும் விளக்குமாறு எடுக்கிறவருக்கும் என்ன உண்டு? தட்டோடு தட்டு உரசினால் மாவாகப் பறக்கும்; தரையில் படிந்ததைப் பெருக்கினால் மறுபடி எழும்பும். சம்பளப் பட்டியலில் இவர்கள் இருவருமே 'ஹெல்பர்'.

அளக்கும் கருவி ஒன்றும் பெரிய விஷயமில்லை. இடுப்பு பெல்ட்டில் ஒரு சின்ன பம்ப். அதிலிருந்து முதுகு வழியாக ஏறும் குழாய். அதன் நுனியில், சட்டைக் காலரில் செருகிய வடிதாள் டப்பி. நிமிடத்துக்குச் சுமார் 2 லிட்டர் காற்றை ஷிஃப்ட் முழுக்க இழுக்கும். டப்பி மூக்கிலிருந்து ஓர் அடிக்குள் இருந்தாக வேண்டும். கருவியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனால், குனிந்து வேலை செய்கிறவரின் மூச்சுக்குள் போவது அதில் பதியாது.

அப்படி அளந்ததையும் 8 மணி நேரச் சராசரியாக்கிவிடுவார்கள். ஒரு கணக்குக்கு: அரை மணி நேரம் பெருக்கும்போது கன மீட்டருக்கு 1,600 மைக்ரோகிராம், மீதி ஏழரை மணி நேரம் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி சுமார் 119. நம் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை ஈயத்துக்கு வைத்த வரம்பு 150. ஆக, எல்லாம் சரி! அமெரிக்கா 1978-இலேயே வைத்த வரம்பு 50. அதே ஆள், அதே தூசி, அங்கே போனால் விதிமீறல். அந்த அரை மணி நேரத்தைத் தனியாக அளந்து பார்க்காதவரை விளக்குமாற்றைத் தூக்கிப் போட்டு வேக்குவம் வாங்க எந்த முதலாளிக்கும் தோன்றாது.

காற்றை மட்டும் நம்பவும் முடியாது. கை கழுவாமல் டீ குடித்தால், பீடி பற்றவைத்தால், ஈயம் வாய் வழியாகப் போகும். அதனால்தான் ரத்தப் பரிசோதனை. ரத்தத்தில் உள்ளது ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் படிந்தது பல்லாண்டுகள் கிடக்கும். பழைய ஆட்களின் கதை இன்னும் சிக்கல். அந்தக் காலத்தில் யாரும் அளக்கவில்லை என்பதால், எந்த வேலைக்கு எந்த நச்சு எவ்வளவு என்று மதிப்பிட்டு அட்டவணை போடுகிறார்கள். பின்லாந்தின் 'ஃபின்ஜெம்' அப்படிப்பட்டது. ஆய்வுக்கு உதவும், ஆனால் ஒரே தொழில் பெயர் கொண்ட எல்லோருக்கும் ஒரே எண்தான். நம் 'ஹெல்பரை' அதில் எங்கே வைப்பது?

1700-இல் இத்தாலிய மருத்துவர் ராமசினி, நோயாளியிடம் என்ன தொழில் என்று கேளுங்கள் என்று மருத்துவர்களுக்கு எழுதினார். இன்றைக்குக் கேட்டால், உண்மையைச் சொல்லத் தொழிலாளிக்கே பயம். ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்று தெரிந்தால் ஒப்பந்தத் தொழிலாளியை மறுநாளே நிறுத்திவிடலாம். அமெரிக்க விதிப்படி அவரை ஈயமில்லாத வேலைக்கு மாற்ற வேண்டும், 18 மாதங்கள் வரை சம்பளத்தையும் குறைக்கக் கூடாது. சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லாத இடத்தில் ஊசிக்குக் கை நீட்ட யார் வருவார்கள்?