விரியன் கற்பித்த வைத்தியம்

சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாயைக் கடந்து தர்மபுரி நோக்கிச் செல்வோர் நல்லம்பள்ளிப் பக்கத்தை அறிவர். வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் சீமை. கல்லும் முள்ளும் நிறைந்த இத்தகைய வறண்ட காடுமேடுகளே சுருட்டை விரியனுக்கு உகந்த இடம். பெரும்பாலும் இரண்டடிக்கு மேற்படாத சிறு பாம்பு. சினந்தால் உடலைச் சுருட்டி, செதில்களை ஒன்றோடொன்று உரசி, ரம்பம் அறுப்பது போன்ற ஒலி எழுப்பும். அத்தகைய ஜந்து மாரடைப்புக்கு ஒரு மருந்தைக் காட்டிக் கொடுத்தது என்றால் நேயர்கள் வியப்படையலாம். ஆயினும் அது உண்மையே.

முதலில் இரத்தத்தின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். அரிவாள்மணையில் விரல் பட்டுவிட்டால், சில நிமிஷங்களில் இரத்தம் தானே நின்றுவிடுகிறது. நிறுத்தியது யார்? வேலம்பிசின் காகிதத்தை ஒட்டுவதுபோல் ஒட்டவல்ல பசைகள் நம் இரத்தத்திலேயே இருக்கின்றன. சர்க்கரைத் துணுக்குகள் கோத்த புரதங்கள் அவை. கிளைக்கோபுரதங்கள் என்பர் விஞ்ஞானிகள். இவற்றுள் முக்கியமான ஒன்று, பின்லாந்து தேசத்து வைத்தியர் எரிக் வான் வில்லிபிராண்டின் பெயரைத் தாங்கியது. அப்பசை குறைந்தவர்களுக்கு இரத்தம் எளிதில் நிற்பதில்லை என்னும் நோயை அவர் 1926-ல் விவரித்தார்.

இரத்தக் குழாய் கிழிந்ததும் இப்பசை, கிழிசலின் அடியிலுள்ள நார்களைப் பற்றிக்கொள்கிறது. ஓடிவரும் தட்டணுக்களையும் பிடித்து நிறுத்துகிறது. நின்ற தட்டணுக்கள் தம் கைகளை விரிக்கின்றன. பைப்ரினோஜன் என்னும் மற்றொரு பசை கைக்குக் கை பாலமாகிறது. அணை எழுந்துவிடுகிறது.

உயிர் காக்கும் இவ்வேற்பாடே சில சமயம் உயிருக்கு உலை வைக்கிறது. இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயின் சுவரில் ஆண்டுக்கணக்காகக் கொழுப்புப் படிந்து, ஒருநாள் அப்படிவு வெடிக்கிறது. விரலில் பட்ட வெட்டுக்கும் இதற்கும் பசைக்குப் பேதம் தெரியாது. குறுகிய குழாயில் இரத்தம் விரைந்து பாய்வதால், சுருண்டு கிடந்த வான் வில்லிபிராண்டுப் பசை நீண்டு விரிந்து, முன்னிலும் உறுதியாகப் பிடிக்கிறது. இரத்தம் கட்டி வழியை அடைக்கிறது. இதுவே மாரடைப்பு.

ஃபைப்ரோனெக்டின் என்னும் பசையின் பிடி, ஆர்ஜினைன், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் என்ற மூன்றே அணிகளில் இருக்கிறது என்று 1984-ல் பியர்ஷ்பாக்கர், ரூஸ்லாட்டி என்னும் இரு ஆராய்ச்சியாளர் கண்டனர். பூட்டுக்குச் சாவி போன்றது அது. 1988-ல் சுருட்டை விரியனின் விஷத்திலிருந்து எக்கிஸ்டாட்டின் என்ற சிறு புரதம் பிரிக்கப்பட்டது. நாற்பத்தொன்பது அணிகளே கொண்ட அதிலும் அதே சாவி! அது தட்டணுவின் கையில் முந்திப் புகுந்துகொள்வதால் பசைக்கு இடமில்லாமற் போகிறது. அந்த வடிவத்தைப் பின்பற்றி ரசாயனிகள் செய்த டைரோஃபைபன் என்னும் மருந்தை, 1998-ல் அமெரிக்கா அங்கீகரித்தது. இம்மருந்தில் விஷம் ஒரு துளியும் இல்லை. விஷத்தின் பாடம் மட்டுமே இருக்கிறது. இரத்தப்போக்கு ஏற்படும் அபாயம் உண்டாதலால், ஆஸ்பத்திரியில் தக்க நோயாளிகளுக்கு மட்டும் நரம்பின் வழியே ஏற்றுகிறார்கள்.

பாம்பை அறிந்தோர் நம்மிடையே பண்டுதொட்டே இருந்துவருகின்றனர். 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்து, பாம்புகளை மீண்டும் காட்டில் விடுவது அவர்கள் தொழில். அவ்விஷமே விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள். 2023-ல் அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பாரத அரசாங்கம் பத்மஸ்ரீ விருது அளித்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவரே அறிவுடையவர் என்று எண்ணும் நம்மவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இனி, நமது இல்லங்களுக்குரிய விஷயம். விரியன் கடித்தால் இரத்தம் உறையும் சக்தியே அழிகிறது; மாரடைப்பிலோ இரத்தம் உறையக் கூடாத இடத்தில் உறைகிறது. இரண்டிலும் நேரமே உயிர். பாம்பு கடித்த இடத்தைக் கீறுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும், மந்திரிப்பதும் கேடு. மார்வலியை வாயுவென்று எண்ணிக் கஷாயம் காய்ச்சிக் காத்திருப்பதும் அவ்வாறே. 108 என்ற எண்ணுக்குச் சொல்லியனுப்பி, தர்மபுரி அரசினர் மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே புறப்படுவதே அறிவுடைமை.