பியூர் டேட்டா: உங்கள் ஆடியோ ஏன் 'டிக்' என்று நின்றுபோகிறது?

பெட்டிகளை வயரால் இணைத்தே சத்தம் உருவாக்கும் இலவச மென்பொருள் பியூர் டேட்டா. மில்லர் பக்கெட் 1990-களில் உருவாக்கியது.

அர்ரே என்றால் என்ன?
எக்செல்லின் ஒற்றை நெடுவரிசை மாதிரிதான், வரிசையாக எண்கள். எண்ணிக்கை மட்டும் 0-வில் தொடங்கும்.

சிக்கல் எங்கே?
44,100 ஹெர்ட்ஸில் பதிவான ஒரு விநாடி மோனோ ஆடியோ என்றால் 44,100 எண்கள். புது அர்ரேயில் இருப்பதோ வெறும் 100 இடங்கள். அதாவது, இரண்டு மில்லி விநாடி சொச்சம். மீதி ஆடியோ உள்ளேயே வராது.

என்ன செய்யலாம்?
'சவுண்ட்ஃபைலர்' பெட்டிக்கு அனுப்பும் 'ரீட்' கட்டளையில், ஃபைல் பெயருக்கு முன்னால் 'ரீசைஸ்' சேருங்கள். ஃபைலின் நீளத்துக்கு அர்ரே தானாக விரியும்.

அப்புறம்?
எண்களைக் கடைசியிலிருந்து படித்தால் ஒலி தலைகீழாகும். மெதுவாகப் படித்தால் சுருதி இறங்கும். ஃபைல் அதேதான், படிக்கிற விதம்தான் வேறு.