உங்களுக்குத் தெரியுமா? மலையிறங்காமலே மைல் சேர்த்த கதை

நீலகிரியில் விமான நிலையம் கிடையாது. ஊட்டிக்காரர் பறக்க வேண்டுமென்றால் மலையிறங்கி, கோவை பீளமேட்டுக்குத்தான் போக வேண்டும். ஆனால் டிக்கெட்டுக்கான ‘மைல்’களை மலையிலிருந்தபடியே சேர்க்க, பணமதிப்பிழப்பு நாட்களில் ஒரு குறுக்குவழி இருந்தது.

குன்னூர் பெட்போர்டில் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. கிரெடிட் கார்டிலிருந்து பேடிஎம் வாலட்டில் 10,000 ரூபாய் ஏற்ற வேண்டியது. அதை அப்படியே தன் வங்கிக் கணக்குக்குத் தள்ளிவிட வேண்டியது. பில் வந்ததும் அதே பணத்தைக் கட்டிவிட வேண்டியது. கைக்காசு குறையாது, கார்டில் புள்ளிகள் ஏறிவிடும். சில கார்டுகளில் அந்தப் புள்ளிகளே விமான மைல்களாக மாறும். (கெடு தவறினால் வட்டி எல்லாவற்றையும் தின்றுவிடும், அது வேறு கதை!) செலவு யார் தலையில்? ஒவ்வொரு முறையும் கார்டு கட்டணத்தைச் சுமந்த பேடிஎம் தலையில்.

2017 மார்ச் 8 அன்று, கார்டில் பணம் ஏற்றினால் 2% கட்டணம் என்று அறிவித்தது அந்நிறுவனம். எழுந்த கூச்சலில் மறுநாளே வாபஸ். பிற்பாடு கட்டணம் வந்தேவிட்டது.

அமெரிக்காவில் இதற்கும் மேலே போனார்கள். அரசு நாணயச்சாலை 1 டாலர் காசுகளைக் கார்டுக்கு விற்று, தபால் செலவில்லாமல் வீட்டுக்கே அனுப்பியது. மைல் பிரியர்கள் 250 காசு கொண்ட பெட்டிகளைக் கணக்கில்லாமல் வரவழைத்து, நேரே வங்கியில் கொண்டுபோய்க் கட்டினார்கள். நாணயச்சாலை விழித்துக்கொண்டு கார்டை நிறுத்தியது 2011 ஜூலையில்தான்.